ராசித் துண்டு

ஜமுனாமரத்தூர் சந்தையில் ஆடு கைமாறும்போது விலை யார் காதிலும் விழாது. விற்பவன் கை ஒன்று, தரகன் கை ஒன்று, இரண்டையும் மூடி ஒரு துண்டு. துண்டுக்குள் விரல்கள் பேசும். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, உள்ளங்கையைச் சுரண்டினால் வேறு கணக்கு. வெளியே இரண்டு பேரும் மழையைப் பற்றியும் மூட்டு வலியைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். முகம் மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவன் முகம் மாதிரி இருக்க வேண்டும். அந்த முகம் வராதவன் தரகுக்கு லாயக்கில்லை. அவன் வேறு ஏதாவது கௌரவமான வேலைக்குப் போகலாம்.

ரங்கனுக்கு அந்த முகம் பிறவியிலேயே வாய்த்திருந்தது. மலை மேலும் அடிவாரத்திலும் அவனைப் போல ஆட்டுத் தரகன் கிடையாது என்று சொல்வார்கள். சொல்லாதவர்களையும் சொல்ல வைத்துவிடுவான். அவன் தோளில் பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்று எப்போதும் கிடக்கும். தரகுக்கு வந்த புதிதில் முதல் பெரிய வியாபாரம் அதற்குள்தான் படிந்தது. அப்படிப்பட்ட துண்டைத் துவைக்கக் கூடாது என்பது தரகர்களின் சட்டம். துவைத்தால் ராசி போய்விடும். மழையில் நனைந்தால் பரவாயில்லை. அது சாமி துவைத்த கணக்கு. ஆட்டு மூத்திரம், பீடிப் புகை, புளிப் பிசுக்கு, நம்மியம்பட்டு முதல் வாணியம்பாடி வரை உள்ள உள்ளங்கைகளின் வியர்வை எல்லாம் அந்தத் துண்டில் ஊறியிருந்தன. மோப்ப நாய் கிடைத்தால் அந்த வட்டாரத்து வியாபாரிகள் அத்தனை பேரையும் அதை வைத்தே பிடித்துவிடலாம்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு துண்டுக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. ரங்கனின் வலது காறை எலும்புக்குக் கீழே தோலைத் துளைத்து ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அது உள்ளே கழுத்தின் பெரிய ரத்தநாளம் வழியாக இதயத்தின் வாசல் வரை போகிறது. வெளியே இரண்டு வால் தொங்கும். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீல மூடி. வாரத்துக்கு இரண்டு முறை மலையிறங்கி வேலூருக்குப் போய் அந்த வால்களை மெஷினில் மாட்டி ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். மற்ற நாட்களில் அந்த இடத்தைத் துண்டு மூடியிருக்கும்.

மறைத்ததற்குக் காரணம் வெட்கம் இல்லை, தொழில். சாகப்போகிற தரகனிடம் எவனும் ஆட்டைக் கொண்டுவர மாட்டான். துண்டுக்குள் படிந்த விலைக்குத் தரகன்தான் சாட்சி. நாளைக்குத் தகராறு வந்தால் சாட்சி உயிரோடு இருக்க வேண்டாமா?

வேலூரில் டாக்டர் தமிழ்மணி ஆரம்பத்திலேயே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். "மெஷின் ஊசி போடக் கையில நரம்ப சேத்து வெச்சுப் பாத்தோம், அடைச்சிக்கிச்சு. இனிமே குழாய்தான் உங்க உயிரு. அந்த எடத்துல கிருமி போச்சுன்னா நேரா ரத்தத்துல கலக்கும். ரத்தத்துல கலந்தா ஆளத் தூக்கிடும். குழாய எடுத்துட்டு வேற எடத்துல வெக்கலாம். ஆனா எடம் எத்தினி இருக்குது? இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அப்புறம் தொடை. அதோட சரி."

ரங்கன் பழக்க தோஷத்தில் பேரம் பேசினான். "குளிக்கலாமா டாக்டரே?"

"கூடாது."

"தலைக்கு மட்டும்?"

"கூடாது."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை?"

"ஐயா, இது ஆடு இல்ல" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

டயாலிசிஸ் நர்ஸ் ஃபிஜா சின்னப் பெண்தான். ஆனால் அவள் முன்னால் டாக்டரே கை கழுவிவிட்டுத்தான் பேசுவார். "குழாய்க்கு மேல ஒட்டியிருக்கிற கட்ட நான்தான் பிரிப்பேன், நான்தான் ஒட்டுவேன். ஆனா மலை மேல திடீர்னு பிரிஞ்சா அன்னிக்கே பஸ் கெடைக்காது. வூட்ல ஒருத்தர் கத்துக்கணும். ஒருத்தர் மட்டும்" என்றாள்.

ரங்கனின் மனைவி முத்தம்மாவுக்குக் குழாயைப் பார்த்ததுமே தலை சுற்றியது. மகன் கோகுல்ராஜுக்கு அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது, வெளியே போய்விட்டான். மிச்சம் நின்றது மருமகள் கல்பனா.

கற்றுக்கொண்டாள். முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவுவது, வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வது, கையுறையின் வெளிப்பக்கம் எதிலும் படாமல் மாட்டுவது, மருந்தால் துடைத்துக் காயும் வரை காத்திருப்பது எல்லாம். அந்த வேலை நடக்கிற நேரத்துக்கு மட்டும் வீட்டில் அவள்தான் ராணி.

"மாமா, பேசாதீங்க. எச்சி தெறிக்கும்."

"நான் எங்கம்மா பேசினேன்?"

"இப்ப பேசினது யாரு? மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்புங்க."

"இன்னாமே, டாக்டருக்குப் படிச்சவ மாதிரி மெரட்டுற?"

"பத்தாவது வரைக்கும் படிச்சேன். நீங்க ஆடு வரைக்கும் படிச்சீங்க. திரும்புங்க."

ரங்கன் திரும்புவான். சந்தையில் அவனை இப்படிப் பேசியவன் எவனும் இன்னொரு ஆட்டை நல்ல விலைக்கு விற்றதில்லை. ஆனால் அவன் உயிர் அவள் விரல் நுனியில் இருந்தது. அது அவனுக்குத் தெரியும். அதனாலேயே அவளை அவனுக்குப் பிடிக்காமல் போயிற்று.

ஒரு நாள் கல்பனா அந்தத் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, சோப்பு நுரைக்க அடித்துத் துவைத்துக் காயப் போட்டாள். அந்த வாரம் சந்தையில் படிய வேண்டிய வியாபாரங்கள் வரிசையாகக் கெட்டன. ரங்கன் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி வாசலில் எறிந்தான். சாமைச் சோற்றைக் கோழிகள் பொறுக்கின. "இனி எவளாவது என் துண்டத் தொட்டா கைய முறிச்சிடுவேன்" என்றான். கல்பனா பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, கொதிக்க வைத்துக் காயவைத்து, வால்களைப் போட்டுக்கொள்ளச் சின்னப் பை ஒன்று தைத்துக் கொடுத்தாள். சந்தை நாளில் ரங்கன் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். சட்டைக்குள் புடைத்துக்கொண்டு தெரிந்ததாம். துண்டு மட்டும் பேரத்துக்குப் பேரம் தோளிலிருந்து கைக்கும், கையிலிருந்து தோளுக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

ஐப்பசியில், ஒரு சந்தை நாள் மாலை, வியர்வையில் ஒட்டு பிரிந்துவிட்டது. கல்பனா அப்போது வீட்டில் இல்லை, மாதவிலக்கு. அந்த ஊரில் அந்த நாட்களில் பெண்கள் ஊர் ஓரத்துக் கொட்டாயில் ஒதுங்கியிருக்க வேண்டும். வீட்டுப் பாத்திரத்தைக்கூடத் தொடக் கூடாது. ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள்.

ரங்கன் ஆடு தேடுகிறவன் மாதிரி சுற்றி வளைத்துக் கொட்டாய்க்குப் பின்னால் வந்து நின்றான்.

"கல்பனா. ஒட்டு பிரிஞ்சிடுச்சு."

"மாமா, நீங்க ஏன் இங்க வந்தீங்க? நான் இப்ப தொடக் கூடாது. அத்தைக்குத் தெரிஞ்சா வூட்ட ரெண்டாக்கிடுவாங்க."

"யாரு சொல்றது அவளுக்கு? நீ சொல்வியா? நான் சொல்வேனா? அப்புறம் எப்பிடித் தெரியும்?"

"கீழ போயிடுங்க மாமா, காலைல மொத பஸ்ஸுக்கு."

"காலை வரைக்கும் இது இப்பிடியே தொறந்து கெடக்கட்டுமா?"

அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை. தண்ணீர் கொதிக்க வைத்தாள். ரங்கனே வீட்டிலிருந்து கட்டுச் சாமான்களை ஒளித்துக் கொண்டுவந்திருந்தான். ஃபிஜா சொல்லிக் கொடுத்த வரிசையில் ஒன்றுகூடக் குறையாமல் செய்தாள். துடைக்கும்போது கை நின்றது.

"இங்க செவந்து இருக்குதே. அமுக்கினா வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எப்பத்திலிருந்து?"

"போன சந்தையிலிருந்து."

"இன்னா மாமா நீங்க! சிஸ்டருக்கு இப்பவே போன் போடுங்க."

"போடலாம், போடலாம்" என்றான். வந்த வேலை முடிந்துவிட்டால் ரங்கன் எப்போதும் இரண்டு முறை சொல்வான், செய்ய மாட்டான்.

அடுத்த டயாலிசிஸில் மெஷின் ஓடத் தொடங்கிச் சற்று நேரத்துக்குள் ரங்கனுக்குப் பல் கிட்டிக்கொண்டது. கட்டில் கடகடவென்று ஆடியது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் குளிர் நிற்கவில்லை. உடம்போ அடுப்பு மாதிரி கொதித்தது. ஃபிஜா மெஷினை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். குழாயிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். குழாயில் குடியிருந்த கிருமியை மெஷின் உடம்பு முழுவதும் தள்ளிவிட்டது என்று டாக்டர் விளக்கினார். வலது பக்கத்துக் குழாய் வெளியே வந்தது. ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு இடது பக்கம் புதிதாக ஒன்று வைத்தார்கள்.

"இது எப்பிடி நடந்துச்சுன்னு தெரிஞ்சாகணும் ஐயா. இல்லாட்டி இதுவும் போயிடும்" என்றாள் ஃபிஜா. "தண்ணி பட்டுச்சா?"

"ஒரு சொட்டு படல."

"நீங்களே பிரிச்சீங்களா?"

"இல்ல."

"மேல எதாவது துணி கிணி போடுறீங்களா?"

துண்டு அவன் தலையணைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. ரங்கன் யோசித்தான். அது யோசனைகூட இல்லை, நிறுவை. துண்டு என்று சொன்னால் துண்டு போகும். துண்டு போனால் சந்தை போகும். குழாயோடு திறந்த மார்பாக நின்று யாரிடம் தரகு பேசுவது? வேறு ஏதாவது சொல்லலாம் என்றால், தள்ளிவிட வீட்டில் ஒரே ஒரு சரக்குதான் இருந்தது. அதற்கும் அவனிடம் பெரிய மதிப்பு இல்லை.

"மருமவ தொட்டா சிஸ்டர். தீட்டோட தொட்டா."

ஃபிஜா முகத்தைச் சுளித்தாள். "தீட்டுக்கும் கிருமிக்கும் சம்பந்தமே கெடயாதுங்க. கை கழுவினாங்களா, இல்லியா? அதான் கேள்வி."

கட்டிலின் கால்மாட்டில் முத்தம்மா நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்தது ரங்கன் சொன்னது மட்டும்.

மருமகள் தீட்டோடு குழாயைத் தொட்டாள் என்று முத்தம்மா ஊரில் சொல்லிவிட்டாள். ஊர்க் கூட்டம் சாமை காயவைக்கிற சிமெண்டுக் களத்தில் நடந்தது. ஊர்க்கவுண்டர் சின்னராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் தரையில். கல்பனா ஒரு ஓரமாக நின்றாள்.

"தொட்டியாம்மா?" என்று கேட்டார் சின்னராஜ்.

"தொட்டேன் கவுண்டரே. மாமாதான் கொட்டாய்க்கே வந்து கூப்பிட்டாரு."

எல்லாத் தலைகளும் ரங்கன் பக்கம் திரும்பின. அவன் முகத்தில் ஆட்டுச் சந்தை முகம் வந்து உட்கார்ந்தது.

"நான் ஏம்மா அங்க வரப் போறேன்? ஆம்பள எவனாவது அந்தக் கொட்டாய்ப் பக்கம் கால வெப்பானா?"

அசைக்க முடியாத வாதம். களத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் தாங்கள் கால் வைத்ததில்லை என்பதைக் காட்டத் தலையாட்டினார்கள். வைத்தவர்கள் இன்னும் வேகமாக ஆட்டினார்கள்.

"மாமா, என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. நீங்க வர்ல?"

"வர்ல."

"அதுக்கு முன்னாடியே செவந்து இருந்துச்சு. நான்தான் காட்டினேன். அந்தத் துண்ட எடுத்துட்டுப் போயி சிஸ்டர்கிட்ட காட்டுங்க. மொதல்ல அதக் காட்டுங்க."

"பாத்தீங்களா கவுண்டரே" என்று முத்தம்மா எழுந்தாள். "தப்பு பண்ணிட்டு துண்டு மேல பழி போடுறா. துண்டுக்கா தீட்டு வரும்?"

களம் சிரித்தது. பின்னாலிருந்து காசி கேட்டான். அவன் நிறைய ஆடு வைத்திருக்கிறவன், ரங்கன் தரகில்தான் விற்பான். "அது சரி அத்த, குழாய் குழாய்ங்கிறீங்களே, இன்னா குழாய்?"

ரங்கன் கையை உயர்த்தி அவளைத் தடுக்கப் பார்த்தான். முத்தம்மாவுக்கு ஆவேசம் வந்துவிட்டிருந்தது. புருஷன் தோளிலிருந்த துண்டை உருவிப் போட்டுவிட்டு, சட்டையைப் பிடித்து இழுத்தாள். மேல் பொத்தான்கள் தெறித்தன. "இந்தக் குழாய்! கண் இருக்கிறவன் பாருங்க. பழசு சீழ் புடிச்சு, அதப் புடுங்கிட்டு இது புதுசு. நெஞ்சுக்குள்ளவே போவுது. ரத்தமெல்லாம் சீழு!"

ஊர் முழுவதும் பார்த்தது. சிவப்பு மூடியும் நீல மூடியும் வெயிலில் பளபளத்தன. வலது பக்கத்தில் பழைய ஓட்டை கருப்பாக இருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ரங்கன் குனிந்து துண்டை எடுத்து மூடிக்கொண்டான். அதற்குள் காசி பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டான்.

கல்பனா புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ இன்னா சொல்ற?"

"நான் இன்னா சொல்றது..." என்றான் கோகுல்ராஜ்.

"எதாவது சொல்லு. வாய் இருக்குதில்ல?"

கோகுல்ராஜ் போனைப் பார்த்தான். அதில் யாரும் கூப்பிடவில்லை.

ஊர் கூப்பிடுகிற வரைக்கும் அவள் பிறந்த வீட்டில் இருக்கட்டும் என்று சின்னராஜ் தீர்ப்புச் சொன்னார். கல்பனா துணிகளை ஒரு பைக்குள் அடைத்துக்கொண்டு வந்தாள். கையுறைப் பெட்டியை முத்தம்மாவின் காலடியில் வைத்தாள். "இது உங்களுக்குத்தான் அத்த. மாட்டறதுக்கு முன்னாடி கை கழுவுங்க. மாமாவ வேற பக்கம் திரும்பச் சொல்லுங்க, பொய் சொல்லும்போது எச்சி நெறய தெறிக்குது."

அடுத்த சந்தைக்கு ரங்கன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். வாணியம்பாடி ரஹ்மான் பாய் வந்திருந்தார். கல்யாண பிரியாணிக்கெல்லாம் ஆடு வாங்கிப் போகிறவர். ரங்கனின் துண்டுக்குள் அதிகம் கைவிட்டவர் அவர்தான். ரங்கன் நல்ல கிடா ஒன்றைப் பிடித்து நிறுத்தி, துண்டை விரித்தான்.

"கைய குடு பாய்."

ரஹ்மான் பாய் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "கையில வெட்டுக்காயம் ரங்கண்ணே."

"எங்க, காட்டு?"

"இன்னும் படல. பட்டுடும்னு பயமா இருக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாய்க்குச் சங்கடமாக இருந்தது. "தப்பா நெனைக்காதீங்க. வெலய வாயாலயே சொல்லிடுங்களேன். இன்னா கெட்டுப்போச்சு?"

என்ன கெட்டுப்போச்சா? வாயால் விலை சொல்வதற்குத் தரகன் எதற்கு? ரங்கன் தன் வாழ்க்கையில் ஒரு ஆட்டின் விலையைச் சத்தமாகச் சொன்னதில்லை. காசியிடம் போனான். காசி, "துண்டுக்குள்ள சீழ் சொட்டுதாமே மாமா? ஆட்டுக்கு ஒட்டிக்கிச்சுன்னா எவன் வாங்குவான்?" என்றான். அன்று காசியின் ஆடுகள் ஒரு சின்னப் பையன் மூலம் விலை போயின. அவனுக்கு முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ளக்கூடத் தெரியாது. சிரித்துக்கொண்டே பேரம் பேசினான். துண்டு மட்டும் கடையிலிருந்து அன்றைக்குத்தான் வந்திருந்தது, மடிப்புக்கூடக் கலையாமல்.

அடுத்தடுத்த சந்தைகளிலும் அதே கதை. ரங்கன் துண்டை விரித்து நிற்பான். வருகிறவர்கள் நலம் விசாரிப்பார்கள், தூரத்திலிருந்து.

வீட்டில் முத்தம்மா கட்டுப் போட்டாள். கை கழுவினாள், கழுவிய கையாலேயே திருநீற்றுத் தட்டைத் தொட்டு, குழாய்க்கும் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் ஒட்டுவாள். கோயில் பூசாரி ஓதிக் கொடுத்த மஞ்சளையும் ஒரு நாள் வைத்தாள். தீட்டுப் பட்ட உடம்பு இல்லையா, கழுவ வேண்டாமா? தை பிறக்கும் முன் இடது பக்கமும் சிவந்தது.

"யாரு கட்டினது இத?" என்று கேட்டார் டாக்டர் தமிழ்மணி.

"பொஞ்சாதி."

"முன்னாடி ஒரு பொண்ணு வருமே, அது எங்க?"

ரங்கன் மெஷினைப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணு கட்டின வரைக்கும் எவ்ளோ காலம் ஓடுச்சு? இப்ப மருந்து குடுத்துப் பாக்கறேன். அடங்குனா சரி. அடங்கலன்னா தொடையில. தொடையில வெச்சா சீக்கிரம் கிருமி ஏறும். அதுவும் போச்சுன்னா என்னால ஒன்னும் பண்ண முடியாது. அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க."

ஃபிஜா இதற்கிடையில் அவன் தோளில் கிடந்ததைப் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து முகர்ந்தாள். "இன்னா ஐயா இது?"

"துண்டு."

"இதயா இத்தினி நாளா மேல போட்டுட்டு இருந்தீங்க? நான் கேட்டேனா இல்லியா? கேட்டேனா?" இடுக்கி ஒன்றால் அதன் நுனியைக் கவ்வித் தூக்கினாள், மருத்துவக் கழிவு போடுகிற மஞ்சள் பைக்குள் விட்டு, பையின் வாயைக் கட்டினாள். ரங்கன் தடுக்கவில்லை. அதற்குள் வருகிற கை எதுவும் இனி இல்லை என்பது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கல்பனாவின் பிறந்த ஊருக்குக் கோகுல்ராஜ் இரண்டு முறை போய் வந்தான். ஒவ்வொரு முறையும் அவள், "அனுப்பினவர வரச் சொல்லு" என்று திருப்பி அனுப்பினாள். சந்தையில்தான் ரங்கன் அவளைப் பிடித்தான். அவள் சாக்கை விரித்துப் புளி குவித்து உட்கார்ந்திருந்தாள். எதிரில் அடிவாரத்துக்காரர் ஒருவர் குந்தியபடி பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ரங்கனும் குந்தினான். கோகுல்ராஜ் பின்னால் நின்றான்.

"கல்பனா, வூட்டுக்கு வா."

"எதுக்கு மாமா?"

"இதுக்கு" என்று மார்பைக் காட்டினான்.

"என்துதான் தீட்டுக் கையாச்சே."

"அத வுடு."

"வுட்டுடறேன். நீங்கதான் வந்து கூப்பிட்டீங்கன்னு சொல்லிடுங்க, வுட்டுடறேன்."

ரங்கன் உதட்டை அசைத்தான்.

"கேக்கல."

"நான்தான்மா கூப்பிட்டேன்" என்றான், அவளுக்கு மட்டும்.

"எனக்குத்தான் அது தெரியுமே மாமா. தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க. ஊரே கேட்டுச்சு பொய்ய. ஊரே கேக்கட்டும் இதையும்."

"கவுண்டர்கிட்ட தனியா சொல்லிடறேன்."

"வேணாம்."

"உங்கப்பா கால்ல வுழுந்து சொல்றேன். உங்க வூட்ல."

"எங்கப்பாவ ஏன் இழுக்கறீங்க? இங்க சொல்லுங்க. இப்ப. கொரல் வுட்டு."

அவன் வலது கை தானாகவே அவள் பக்கம் நீண்டது. விரல்கள் கொஞ்சம் மடங்கியிருந்தன. அத்தனை காலமும் அப்படித்தான் எல்லாவற்றையும் முடித்திருந்தான். அவள் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் புளியில் ஒட்டியிருந்த ஓட்டுச் சில்லைப் பொறுக்கிப் போட்டாள்.

ரங்கன் எழுந்து நின்றான். ஆட்டுச் சந்தையில் கூட்டம் இருந்தது. ரஹ்மான் பாய் இருந்தார். காசி இருந்தான். அரிவாள் கடையில் சின்னராஜ் ஒன்றை எடுத்துக் கூர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் போனேன்!" குரல் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தான். "கொட்டாய்க்கு நான்தான் போனேன். நான்தான் அவளக் கூப்பிட்டேன். அவ மேல தப்பு இல்ல. களத்துல நான் சொன்னது பொய்!"

காசி, "கொட்டாய்க்கா போன மாமா? எத்தினி வாட்டி?" என்று கேட்டான். சந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பக்கத்துச் சந்துகளில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டு ஓடி வந்தார்கள். வந்தவர்களுக்கு ஏற்கெனவே நின்றவர்கள் சொன்னார்கள். ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்கள். ஊர்க்கவுண்டர் சின்னராஜ் அரிவாளின் கூர்மையை இன்னும் கவனமாகப் பார்த்தார்.

"சொல்லிட்டாருல்ல. கெளம்பு" என்றான் கோகுல்ராஜ்.

"எங்க?"

"வூட்டுக்கு."

"சொல்லச் சொன்னேன். சொன்னாரு. வர்றேன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீ... இது நாயமா?"

"அட, வாயத் தொறந்துட்டியே" என்றாள் கல்பனா. "களத்துல இது எங்க போச்சு?"

ரங்கன் ஏதோ சொல்ல வந்தான். தாடை பிடிக்குள் நிற்கவில்லை. பல் அடித்துக்கொண்டது. உச்சி வெயிலில் நின்றபடி தோள், கை, முழங்கால் எல்லாம் உதறின. "அழுவுறாரு பாருடா" என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் சிரிப்பு எழுந்தது.

கல்பனா மட்டும் சிரிக்கவில்லை. அவன் சட்டைக் கழுத்து விலகியிருந்த இடத்தைப் பார்த்தாள். ஒட்டின் ஓரம் எழும்பியிருந்தது. அதற்குள் மஞ்சளாக ஈரம். எழுந்திருக்கப் போகிறவள் மாதிரி ஒரு காலை ஊன்றினாள். பிறகு அந்தக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

"அழுகை இல்ல, குளிர் ஏறுது" என்றாள் கோகுல்ராஜிடம். "பஸ் நிக்குது பாரு. நேரா சிஸ்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. போன் போட்டுச் சொல்லிடு. வழியில யாரும் அதத் தொடாதீங்க, நீயும் தொடாத."

"கல்பனா..."

"நேரம் போவுது."

எதிரில் இருந்த அடிவாரத்துக்காரர் பொறுமை இழந்தார். "இன்னாம்மா, புளி உண்டா இல்லியா? கடைசியா இன்னா சொல்ற?"

கல்பனா அவர் பக்கம் திரும்பி விலையைச் சொன்னாள், நாலு பேருக்குக் கேட்கும்படி.

பஸ்ஸில் இடம் இல்லை. நடத்துனர் பயணி ஒருவரை எழுப்பி ரங்கனுக்கு ஜன்னல் ஓரம் இடம் வாங்கிக் கொடுத்தார். அவன் நடுக்கத்தில் முன்சீட்டுக் கம்பியும் சேர்ந்து அதிர்ந்தது. வண்டி முதல் வளைவில் திரும்பியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவன் சட்டைக்குள் தொங்கிய சிவப்பு மூடியைப் பார்த்தார். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டாவது வளைவுக்குள் எழுந்து பின்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். அந்த இடம் காலியாகவே இருந்தது. நின்றுகொண்டிருந்த யாரும் அதில் வந்து உட்காரவில்லை; கோகுல்ராஜும் நின்றுகொண்டேதான் வந்தான்.